ரத்தத்தின் மேல் விழுந்த பழி

எனக்குப் பொறுமை கிடையாது. லிஃப்ட் சர்வீஸ் வேலை அப்படிப் பழக்கிவிட்டது. எவனோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்தினால் அரை மணிக்குள் போய் இறக்கிவிட வேண்டும். வீட்டில் யாராவது வலியில் முனகினாலும் அதை உடனே நிறுத்தியாக வேண்டும் எனக்கு. இந்தக் குணம்தான் என் மனைவியின் முழங்காலில் விளையாடிவிட்டது.

அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பெங்களூர் தொம்மலூரில் மழையில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்ததில் முழங்கால் குருத்தெலும்பு ஓரிடத்தில் பிய்ந்துபோனது. அவளுடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷினில் சுற்றிப் பிரித்து, மூட்டுக்குள் ஊசியாகப் போடலாம் என்றார் டாக்டர். அதில் ‘க்ரோத் ஃபேக்டர்’ இருக்கிறதாம். காயம் ஆற, திசு வளர உடம்பைத் தூண்டுகிற பொருள். பலன் நிச்சயமில்லை, முயன்று பார்க்கலாம் என்றார். ஒரே ஒரு கண்டிப்பு, கன்னடத்தில்: “நோவு மாத்ரெ தகோபேடி.” வலி மாத்திரை கூடாது. ஊசிக்குப் பிறகு வரும் வீக்கம்தான் வேலையைத் தொடங்கி வைக்கிறது, அந்த மாத்திரை அதை அமுக்கிவிடும். தாங்க முடியாவிட்டால் சாதாரண காய்ச்சல் மாத்திரை போடலாம்.

மறுநாள் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியது. தலையணை உறையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காய்ச்சல் மாத்திரை கேட்டாள். என் முதுகுவலிக்கு வைத்திருந்த வலி மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பார்க்காமலே விழுங்கினாள். ஒரு மணி நேரத்தில் தூங்கிப்போனாள். எனக்கு அவ்வளவு நிம்மதி. நாலு நாள் அதையே கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் எந்த மாற்றமும் இல்லை.

“வலி மாத்திரை ஏதாவது எடுத்தீங்களா?”

“ஒண்ணுகூட எடுக்கல டாக்டர்,” என்றாள், நல்ல மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி நிமிர்ந்து.

நான் மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலருக்குப் பலிக்காது, இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். படி இறங்கும்போது அவள் மெல்லச் சொன்னாள்: “என் ரத்தத்துலயே சத்து இல்லபோலங்க.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையை அடைத்தவன் போல வந்தேன். அதன் பிறகு வீடே ஆஸ்பத்திரிச் சமையலறையானது. பீட்ரூட், பேரீச்சை, முருங்கைக்கீரை. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் அவள் நம்பவில்லை. “சின்ன வயசுலேருந்தே நான் வெளுத்துப்போனவ,” என்று ஸ்கூலில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். கீரையை ஆய்ந்து கொடுத்தது நான்தான். வெட்கங்கெட்டவன்.

இரண்டாவது ஊசிக்குப் போனோம். நர்ஸ் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடினாள். என் மனைவி சிரித்துக்கொண்டே, “நல்ல ரத்தமா பாத்து எடுங்க சிஸ்டர், போன தடவை ஏமாத்திடுச்சு,” என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டாக்டர் உள்ளே வந்ததும் சொல்லிவிட்டேன். எந்த மாத்திரை, எத்தனை நாள், எல்லாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அதனாலதான்னு சொல்ல முடியாது. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது.”

அவள் என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“வலி தாங்கலன்னு கொடுத்தீங்க, சரி. என் ரத்தத்தை நானே இத்தனை நாள் திட்டிக்கிட்டிருந்தேனே, அதை எப்படிங்க பக்கத்துல உக்காந்து கேட்டீங்க?”



ஊசி போட்டார்கள். இந்த முறையும் வீக்கம் வந்தது. காய்ச்சல் மாத்திரை டப்பாவைத் தன் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டாள். தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். “வலிக்குதா?” என்றேன்.

“இல்லங்க.”

கொஞ்ச நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஒக்கலிபுரத்திலிருக்கும் தங்கைக்கு போன் போட்டாள். “உயிரே போகுதுடி,” என்று அழுதாள். கையில் டம்ளரோடு நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.