கட்டு முடியும்வரை

நேற்று மாலை வீட்டில் என் மாணவர்களின் விடைத்தாள் கட்டைப் பிரித்ததும் எழுந்த சணல் வாசனையில், இடிக்கப்பட்டு அடுக்குமாடியாகிவிட்ட எங்கள் இரும்புலியூர் வாடகை வீடு கண்முன் வந்து நின்றது. என்னைப்போலவே கல்லூரியில் பாடம் நடத்திய அப்பா முன்னறையில் தாள் திருத்தும் நாட்களில், அம்மா விசிலுக்குப் பயந்து குக்கரைத் தொடாமல் பானையில் சோறு வடிப்பாள், இருமல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள், நான் கொலுசைக் கழற்றிவிடுவேன். அப்படியொரு பகலில்தான் அம்மா சமையலறையில் சத்தமில்லாமல் சரிந்தாள். முன்னறை வாசல்வரை ஓடிய நான், அப்பாவைக் கூப்பிடாமல், அவர் கையிலிருந்த கட்டு முடியட்டும் என்று நின்றேன். முடிந்தபோது அம்மாவுக்கு மூச்சில்லை.

தலை நிமிர்ந்தேன். வெட்டுப்பட்ட விரலைத் துணியால் அழுத்தியபடி என் மகள் வாசலில் நின்றிருந்தாள். துணி முழுக்கச் சிவந்திருந்தது.

"எப்போடி வந்தே?"

"அப்பவே வந்துட்டேன்மா. நீ கட்டை முடிச்சப்புறம் கூப்பிடலாம்னு நின்னேன்."