திரையை மறைத்த தலை

என் சிறுகதைப் புத்தகத்தை யாரோ போனில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். ஓரத்தில் கட்டைவிரல் தெரிந்தது. ஆத்திரத்தோடு, மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயமும் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளில் தீபாவளிக்கு லயத்துக்கு வாடகை வீடியோ டெக் வரும். தியேட்டருக்குள் கேமராவில் களவாகப் பிடித்த புதுப்படக் கெசட் ஓடும். தியேட்டரில் எவனாவது எழும்பியிருந்தால் அவன் தலை கதாநாயகியை மறைக்கும். "உக்காருடா!" என்று லயமே கத்தும். அப்பா சாயத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மனசாட்சி இருக்கா இவனுக்கு?" என்பார். களவாகப் பிடித்தவனை ஒருவரும் ஏசியதில்லை. நானும் அந்தத் தலையைத்தான் ஏசினேன்.

அந்த வாட்ஸ்அப் கொப்பியை எனக்கு அனுப்பிய தோட்டத்துத் தம்பியிடம், "இது என் புத்தகம்" என்று எழுதினேன்.

"தெரியுங்க அக்கா. முப்பதாம் பக்கத்த எவனோ வெரல வச்சு மறச்சிட்டான், மனசாட்சியே இல்ல. நல்ல கொப்பி இருந்தா அனுப்புங்களேன்."