கேரியரில் உட்கார்ந்த நோயாளி

மொக்கைச்சாமியின் வலது முழங்காலை உடைத்தது போலீஸ்காரர்கள் என்றுதான் நாகல் நகரில் எல்லோரும் நம்பினார்கள். அவரும் மறுத்ததில்லை. உண்மை தெரிந்தவர்கள் அவரும் அவர் மனைவி ஒச்சம்மாளும், கடைசிக் காலத்தில் அவர் வாயால் கேட்ட நானும் மட்டும். அவர்கள் இருவருமே இப்போது இல்லை. இருந்தாலும் இதை எழுதலாமா என்று பலமுறை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சைக்கிள் அவர் உடம்பை ஆரம்பத்திலிருந்தே விட்டுவைக்கவில்லை. 1951இல் வாடகை சைக்கிளில் பழகும்போது புளியமரத்தில் மோதி முன்பல் இரண்டு போயின. சக்கரம் வளைந்ததற்காகக் கடைக்காரர் அந்த மரத்தடியிலேயே வைத்து அவரைச் செருப்பால் அடித்தார். மறு வருஷம் செயினுக்குள் மாட்டி இடது சுண்டுவிரலின் நுனி போனது. வேடசந்தூர் போகும் வழியில் குறுக்கே ஓடிவந்த ஆட்டின் மேல் ஏற்றிவிட, ஆட்டுக்காரன் தொரட்டிக் கம்பால் மண்டையைப் பிளந்தான். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். வீரன் பெயர் வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

வீரன் ஒச்சம்மாளின் அண்ணன். அது மதுவிலக்குக் காலம். சிறுமலை அடிவாரத்தில் காய்ச்சிய சாராயத்தை அவனும் மொக்கைச்சாமியும் நத்தம் சாலை வழியாகத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தார்கள். லாரி டியூபை அறுத்துச் சாராயத்தை நிரப்பி, இரண்டு முனையையும் கயிற்றால் இறுக்கி, வீரனின் வயிற்றைச் சுற்றிக் கட்டுவார்கள். மேலே ஒரு கம்பளி. நெற்றி முழுக்கத் திருநீற்றை அப்பிக்கொண்டு வீரன் கேரியரில் சுருண்டு உட்கார, மொக்கைச்சாமி மிதிப்பார். யாராவது மறித்தால், வாந்திபேதி, பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம் என்பார். வாந்திபேதி என்றதும் மறித்தவர்களே பத்தடி விலகி நிற்பார்கள்.

முனகுவதில் வீரனை அடித்துக்கொள்ள ஆளில்லை. "ஏலே மாப்ள, நான் போறேன்டா, என் தங்கச்சியக் கண்கலங்காம வச்சுக்க" என்று போலீஸ்காரர் எதிரிலேயே இழுப்பான். வளைவு தாண்டியதும் முதுகில் குத்தி, "என்னா மிதி மிதிக்கிற, நெசமாவே கொடலு கலங்குதுல்ல" என்பான். நாலைந்து வருஷம் இப்படியே ஓடியது. போகப்போகப் புளி வண்டிக்காரர்களுக்கும் பூக்கூடைக்காரிகளுக்கும் அந்த நோயாளி பழகிப்போனான். போலீசுக்கும் விஷயம் போனது.

1957இல் ஒருமுறை மொக்கைச்சாமி தனியாக மாட்டினார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கம்பிகளுக்குள் அவர் வலது கையை வைத்து அழுத்தினார்கள். மூன்று விரல் ஒடிந்தது. கூட்டாளி பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் சக்கரம் சுற்றும் சத்தம் அதன் பிறகு அவர் காதைவிட்டுப் போகவில்லை.

அடுத்த ஆடி மாதம். காலை எட்டு மணி. சாலையில் ஒரே சந்தைக் கூட்டம். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள் சைக்கிளில் துரத்தி வந்தார்கள். இறக்கத்தில் தப்பித்துவிடலாம். இறக்கத்துக்கு முன்னால் ஒரு மேடு இருந்தது; கேரியரில் ஆளும் சாராயமும் வைத்துக்கொண்டு அதில் ஏற முடியவில்லை. மொக்கைச்சாமி முழங்கையைப் பின்னால் ஓங்கி இடித்தார். வீரன் அவர் சட்டையின் முதுகைக் கொத்தாகப் பற்றிக்கொண்டான்.

"மாப்ள" என்றான். அவ்வளவுதான்.

இரண்டாவது இடியில் சட்டை கிழிந்தது. சைக்கிள் லேசாகிவிட்டது.

மேட்டின் உச்சிக்கு ஏறி, சாலையோர மாந்தோப்புக்குள் புகுந்து திரும்பிப் பார்த்தார். மைல்கல்லில் பின்மண்டை அடிபட்டு வீரன் கிடந்தான். வெளியே ரத்தம் தெரியவில்லை. டியூப் வெடித்து, உடம்பெல்லாம் சாராயம். முனகிக்கொண்டிருந்தான். "எந்திரிடா, இம்புட்டு நாளு நடிச்சது போதாதா?" என்று ஒரு கான்ஸ்டபிள் லத்தியால் விலாவில் அடித்தார். இன்னொருவர் பூட்ஸ் காலால் மிதித்தார். வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். இன்றைக்கு முனகல் பிரமாதம் என்றாள் ஒரு பூக்காரி. ஓடிப்போய், இது நடிப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மொக்கைச்சாமி மரத்துக்குப் பின்னாலேயே நின்றார். அடித்து அலுத்த பிறகுதான் அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. உச்சிப்பொழுதுக்கு முன்னால் வீரன் செத்துப்போனான்.

போலீசைப் பார்த்ததும் வீரன் தானாகக் குதித்துவிட்டான் என்று வீட்டில் சொன்னார். ஊரே போலீசைத் திட்டியது. ஒச்சம்மாள் நம்பிவிட்டால் போதும் என்று அவர் ஒவ்வொரு நாளையும் தள்ளினார்.

பதினாறாம் நாள் கருமாதிக்குக் கிளம்பும்போது ஒச்சம்மாள் அந்தச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள்.

"இதப் போட்டுக்கிட்டு வா."

"முதுகு கிழிஞ்சுல்ல கெடக்கு."

"தெரியும். தானாக் குதிக்கிறவன் எதுக்குச் சட்டையப் பிடிக்கிறான்?"

அவர் சட்டையை வாங்கிக்கொண்டார்.

"தள்ளுனியா?"

"தள்ளுனேன்."

சுவரோரம் காற்றடிக்கும் பம்பு நின்றது. அவள் அதை இரண்டு கையாலும் எடுத்து அவர் முழங்காலில் அடித்தாள். எலும்பு நொறுங்குவது அவர்கள் இருவருக்கும் கேட்டது. மறுபடி இரண்டு தடவை அடித்தாள். அவர் கையைத் தூக்கவில்லை. போலீஸ் அடித்ததில் கால் வீங்கிவிட்டது, அவர் வரமாட்டார் என்று கருமாதி வீட்டில் சொன்னவளும் அவள்தான்.

அதற்கப்புறம் அவர் சாராயத்தைத் தொடவில்லை. நாகல் நகருக்குக் குடிவந்து ஒற்றைக் காலால் மிதித்துக் காய்கறி விற்றார். கேரியரைக் கழற்றி எறிந்துவிட்டு, கூடையை முன்பக்கம் மாட்டிக்கொண்டார். எங்கே போனாலும் அவர் சைக்கிளை உருட்ட, ஒச்சம்மாள் பத்தடி தள்ளி நடந்து வருவாள்.

1967இல் சிறுமலை அடிவாரத்தில் இருந்த அவளுடைய அம்மா வீட்டுக்கு இருவரும் போயிருந்தபோது ஒச்சம்மாளுக்கு நிஜமாகவே வாந்திபேதி வந்தது. பஸ் போய்விட்டது. வண்டிக்காரர்கள் நோய் பெயரைக் கேட்டதும் விலகிக்கொண்டார்கள். "கேரியர் மாட்டு" என்றாள். பக்கத்து வீட்டுச் சைக்கிளில் இருந்ததைக் கழற்றி மாட்டினார். கம்பளியைச் சுற்றிக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்தாள்.

நத்தம் சாலைதான், வேறு வழி கிடையாது. அந்த மேடு வந்ததும் அவர் முதுகுச் சட்டையை அவள் கொத்தாகப் பிடித்தாள். இறங்கி உருட்டவும் அவருக்குத் துணிவில்லை. இறங்கினால் தன்னையும் தள்ளிவிடப்போகிறார் என்று நினைத்துவிடுவாளோ என்று பயம். உடைந்த காலால் மிதித்தே ஏறினார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு நினைவில்லை. பிடி மட்டும் தளரவில்லை. நர்சு வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் வரை, திரும்பிப் பார்க்காமல், சைக்கிளைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார்.