எட்டாம் நாள் தூக்கிய பின்பாரம்

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு நிறைந்துவிட்டது. திவசத்துக்கு வந்து, படையல் முடிந்து, சாப்பிட்டு எழுந்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறேன். இப்படிப்பட்ட மலர்களில் இறந்தவரின் நல்ல குணங்களை எழுதிவிட்டுக் குறைகளைத் தவிர்ப்பது வழக்கம். அண்ணனைப் பற்றி நீங்கள் பேசிய குறை ஒன்றே ஒன்றுதான். டிராக்டருக்கு அவர் செய்துகொடுத்த பாரம் உடைந்து ஒரு மனிதரின் கால் போயிற்று என்பது அது. அதைத் தவிர்த்துவிட்டு என்னால் எழுத முடியாது. அந்தப் பழி யாருடையது என்று சொல்வதற்காகவே எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து ஒற்றைக் காம்பராவில் பிறந்தார். தகப்பனார் தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்தார். நான் பிறக்கும்போது அண்ணனுக்கு ஒன்பது வயது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு கண்டியில் ஒரு கராஜில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தார். பதினைந்து வருடம் அடுத்தவர் பட்டறையில் உழைத்த பிறகுதான் குண்டசாலையில் வீதியோரமாகத் தனக்கென்று ஒரு தகரக் கொட்டகை போட்டார். அண்ணியார் வந்ததும் அங்கேதான், கண்மூடியதும் அங்கேதான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகளைத்தான் இருவரும் தங்கள் பிள்ளையாக நினைத்தார்கள்.

கேற்றும் கிரில்லும் அடித்துக்கொண்டிருந்த அண்ணனுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தவை பின்பாரங்கள்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது தோட்டங்களிலும் மரக்கறிக் காணிகளிலும் சின்ன டிராக்டர்கள் ஓடுகின்றன. முன்னால் மண் அள்ளுகிற பக்கெட் பூட்டியிருக்கும். பக்கெட் நிறைய மண்ணோ கல்லோ ஏற்றினால் பாரமெல்லாம் முன்னால் போய், பின்பக்கம் மேலே எழும்பப் பார்க்கும். அதைத் தடுக்க, கலப்பை பூட்டும் இடத்தில் ஒரு பெரிய பாரத்தைத் தொங்கவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து பாவித்த டிராக்டராக வருபவை பாரம் இல்லாமல்தான் வந்து சேரும். ஆளுக்கொரு விதமாக மண்மூட்டையையும் தண்டவாளத் துண்டையும் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள்.

அண்ணன் கம்பியால் கூடு கட்டி, பூட்டுகிற இரும்பு முளைகளை அதோடு சேர்த்து ஒட்டி, கொங்கிரீட் வார்த்துக் கொடுத்தார். வாங்க வருகிறவர்களிடம் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "பிரேக் பின்னாடி டயருக்கு மட்டுந்தான். அது தரைய விட்டு எழும்பிருச்சுன்னா நீங்க சும்மா பெடலை மிதிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்." கண்டி மலைச் சரிவுகளில் இதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வார்த்த பிறகு இருபத்தெட்டு நாள் அதைத் தொடவிட மாட்டார். ஈரச் சாக்குப் போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவார். நம் சொந்தக்காரர்கள் அதற்கும் சும்மா இருக்கவில்லை. "பிள்ளை பெத்தவளுக்குக்கூட இவ்வளவு பக்குவம் பார்க்க மாட்டாங்க" என்று முகத்துக்கு நேரேயே கிண்டலடித்தார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே அடுத்த வாளித் தண்ணீரை ஊற்றுவார். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அந்தக் கணக்கை மட்டும் மாற்ற மாட்டார். ஒரேயொரு முறை மாற்றினார். கேட்டவள் நான்.

அந்த வருடம் என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்று என் சம்பந்தியாராக இருப்பவர் அப்போது பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். கலகெதரவில் பலசரக்குக் கடையும் சரிவான மிளகுக் காணியும் உள்ளவர். காணிக்கென்று புதிதாக ஒரு சின்ன டிராக்டர் எடுத்திருந்தார். அதற்கு ஒரு பின்பாரம் வேண்டுமென்று என் மூலமாகத்தான் கேட்டனுப்பினார். அண்ணன் உடனே வார்த்தார். தீபாவளியை ஒட்டித் தருவதாகச் சொன்னார். அவர்களுக்கோ ஆயுத பூஜைக்கே வேண்டும். வண்டியை அதன் சாமான்கள் எல்லாவற்றோடும் வைத்துக் கும்பிட்டு, மறுநாள் விஜயதசமியில் முதல் வேலை தொடங்க வேண்டுமாம். பூஜையன்றுதான் கொங்கிரீட்டுக்கு எட்டாம் நாள். போதாததற்கு அந்த வாரம் முழுவதும் மழை.

நான் பட்டறைக்குப் போய் நின்றேன். சும்மா கும்பிடத்தானே கேட்கிறார்கள், இதற்கெல்லாம் முறுக்கிக்கொண்டால் உங்கள் மருமகளின் வாழ்க்கை என்ன ஆவது என்று கேட்டேன். கண்ணீரும் விட்டேன், அது எனக்குக் கைவந்த கலை. கடைசியில் அண்ணன் இறங்கிவந்தார்.

"பூஜைக்கு வைக்கலாம். தரையில, டிராக்டருக்குப் பக்கத்துல வச்சுப் பொட்டு வைக்கட்டும். தூக்கக் கூடாது. விஜயதசமிக்குப் பக்கெட்டுல ஒண்ணும் அள்ளாம சும்மா ஒரு சுத்து ஓட்டிட்டு நிறுத்தச் சொல்லு. டிரைவருக்கும் சொல்லிரு."

அவரே போன் பண்ணிச் சொல்வதாகத்தான் முதலில் சொன்னார். நான்தான் தடுத்தேன். "நீங்க சொன்னா அதிகாரம் பண்ற மாதிரி இருக்கும். நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன் அண்ணே."

மறுநாள் அவர்களுடைய லொறியில் பாரம் போனது. பூஜைக்கு எங்களையும் அழைத்திருந்ததால் நானும் என் கணவரும் பின்னாலேயே பஸ்ஸில் போனோம். போய்ச் சேர்ந்தபோது பாரம் ஏற்கெனவே டிராக்டரில் பூட்டித் தூக்கியிருந்தது. சந்தனம் பூசி, மாலை போட்டு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. சம்பந்தியார் அவலும் கடலையும் என் கையில் கொடுத்து, நல்ல நாளாக இருக்கிறது, இன்றைக்கே பேசி முடித்துவிடலாம் என்றார். அதற்காகத்தான் இரண்டு மாதம் தூங்காமல் கிடந்தேன். அந்த வாயிடம் போய், நாளைக்கு வேலை தொடங்காதீர்கள் என்று எப்படிச் சொல்வேன்? விஜயதசமியில் வேலையை நிறுத்தச் சொல்கிற அபசகுனமான வாய் என் வாயாக இருக்க வேண்டாமென்று நினைத்தேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்றும் நினைத்தேன். டிரைவர் முருகேசு பத்தடி தள்ளி நின்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். அவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை முருகேசு பக்கெட் நிறையக் கல் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கியிருக்கிறார். ஒரு பக்கத்து முளையைச் சுற்றியிருந்த கொங்கிரீட் பெயர்ந்து பாரம் விழுந்தது. பின் டயர்கள் எழும்பின. அவர் பிரேக்கை மிதித்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். டிராக்டர் காணியின் கீழ்த்தட்டுக்கு உருண்டது. அவருடைய வலது கால் அதற்கு அடியில் இருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சம்பந்தியாரின் கடைக்குப் பின்னறையில் எல்லோரும் கூடினோம். உங்களில் பலர் அங்கே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். தூக்கக் கூடாதென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று சம்பந்தியார் அண்ணனைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சொல்லல. என் தப்புத்தான்" என்றார். பொலிஸிலும் அதையே சொன்னார்.

அதன் பிறகு நீங்கள் செய்தவற்றை உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். அவரிடம் பின்பாரம் வாங்கியவர்கள், வருடக்கணக்காக ஒரு கீறலும் விழாத பாரங்களைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஒன்றிரண்டைக் கொண்டுவந்தது நம் சொந்தங்கள். கோயில் கேற் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். கல்யாண வீடுகளில் அண்ணன் உட்கார்ந்த வரிசையில் இடம் காலியாகக் கிடந்தது.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் மகளின் கல்யாணத்தில் தாய்மாமன் மணவறைக்கு வர வேண்டாமென்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது, சரி என்று தலையாட்டியவள் நான். என் கணவர் வழிச் சொந்தக்காரர் ஒருவர் அண்ணனின் இடத்தில் நின்று மாலை எடுத்துக் கொடுத்தார். மகள் கேட்டதற்கு, மாமாவே மணவறைக்கு வர விரும்பவில்லை என்று பொய் சொன்னேன். அண்ணன் தைத்துவந்த புதுச் சட்டையோடு மண்டப வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். கோபித்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

பட்டறையில் வேலை குறைந்துபோய் அவர் உயிரோடிருந்த அந்த நாலு வருடமும் மாதந் தவறாமல் முருகேசை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு கண்டி கிளினிக்குக்குப் போனார். செயற்கைக் கால் பொருந்தவில்லை என்று அவர் அழுத நாளெல்லாம் பக்கத்தில் இருந்தார். நான் ஒரு தடவைகூட அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

கடைசியில் நெஞ்சு வலி வந்து கண்டி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். நாலாம் நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, அன்றைக்குக் கடையில் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். தங்கச்சி மேல் உள்ள பாசம், மருமகளின் வாழ்க்கை என்று ஏதாவது சொல்வார், கேட்டு அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தேன்.

"நீ சொல்லுவன்னு இருந்தேன்" என்றார். நான் நீட்டிய சுளையை வாங்காமல், "இவ்வளவு நாளும் அப்படித்தான் இருந்தேன்" என்றார். பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் மருந்தைப் பற்றியும் போர்வையைப் பற்றியும்தான். ஆறாம் நாள் விடியற்காலையில் காலமானார்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், சடங்குகள் முடியும்வரை வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய குண்டசாலை அயலவர்களுக்கும், ஊன்றுகோலோடு மூன்று பஸ் மாறி வந்து மயானம்வரை நடந்த முருகேசு அவர்களுக்கும் என் நன்றி உரித்தாகட்டும். முருகேசு அவர்களிடம் போன வாரம் நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. சம்பந்தியார் இதைப் படித்துவிட்டு என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மகளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். மாமாவின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னாள்.

"எனக்காகத்தான் மறைச்சேன்னு மட்டும் இதுல எழுதாதீங்கம்மா."

எழுதவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாளே நான் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் மூன்று வருடத்துக்கு மேல் அவர் உயிரோடு இருந்தார்.

தங்கை