நாலு விரல் மேலே வைத்த தூம்பு

எனக்கு வயது எழுபத்தேழு. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நாத்தனார் விட்டுவிட்டுப் போன பெண்ணும் என் மடியில்தான் வளர்ந்தாள். நாலு பேரும் இன்று யார் கையையும் எதிர்பார்க்காமல் நிற்கிறார்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. படித்தது மூன்றாவது வரைக்கும். எழுத்துக் கூட்டி எழுத நாளாகும். இதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. எங்கள் தெருச் சங்கத்தில் மலர் போடுகிறார்களாம், சேலையூர் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று பழைய ஆட்கள் எழுதித் தரவேண்டுமாம். ஏரியில் குளித்தது, தாம்பரத்துக்கு ரயில் பார்க்கப் போனது என்று ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கன்னத்தில் ஒட்டிய ஈரச் செம்மண்ணின் குளிர்ச்சிதான்.

எட்டு வயதில், சித்திரை மாதத்தில், பாதி எழும்பி நின்ற எங்கள் பின்சுவரின் அடியில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரில் விட்டிருந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டைக்கு எங்கள் பக்கத்தில் "தூம்பு" என்று பேர். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஊர் கிடந்த கிடையைச் சொல்லவேண்டும்.

மேற்கே ஏரி, கிழக்கே தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி, மேட்டுத் தண்ணீரைத் தாங்கிக்கொள்கிற பள்ளம். இரண்டுக்கும் நடுவில் சரிவில்தான் எங்கள் வீடுகள். யாரும் காகிதத்தில் வரைந்து கட்டவில்லை. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வருகிற கிழக்குப் பக்கத்தை ஒருவரும் மறைத்துக் கட்டமாட்டார்கள், மாலை வெயில் விழுகிற மேற்குச் சுவருக்கு வேம்போ பூவரசோ வைப்பார்கள், மனையில் பாதிக்குமேல் வீடு வராது, மிச்சம் மண்ணாகவே கிடக்கும். ஒருவர் தோட்டத்தில் பெய்த மழை அடுத்தவர் தோட்டத்துக்குள் இறங்கி, அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்குள் இறங்கி, கடைசியில் தாங்கலுக்குப் போய்ச் சேரும். அதற்காகத்தான் ஒவ்வொரு சுவரிலும் தூம்பு. மேல்வீட்டுத் தண்ணீர் என் வீட்டுக்குள் எதற்கு வரவேண்டும் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. தாங்கல் நிறைந்தால்தான் எல்லார் கிணறும் ஊறும் என்று எல்லாருக்கும் தெரியும்.

சுவர் வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. "குடம் ஊத்தறது" என்பார்கள். சுவர் முழங்கால் உயரம் வந்ததும் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். மேல்வீட்டுக்காரர் தம் கிணற்றில் இறைத்துத் தம் தோட்டத்தில் குடம் குடமாக ஊற்றவேண்டும். முதல் இரண்டு குடத்தைக் காய்ந்த மண்ணே குடித்துவிடும், மூன்றாவது குடத்தில் தண்ணீர் ஓடிவந்து தூம்பு வழியாகக் கீழ்வீட்டில் விழவேண்டும். விழுந்தால்தான் அதற்குமேல் சுவர். விழாவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி. தண்ணீர் வந்ததா என்று படுத்துப் பார்த்துச் சொல்வது கீழ்வீட்டுப் பிள்ளை. பெரியவர்கள் பார்த்தால் வேலை முடியட்டும் என்று ஏதாவது சொல்லிவிடுவார்களாம், பிள்ளைக்குப் பொய் வராதாம்.

எங்களுக்கு மேல்வீடு அஞ்சலை பெரியம்மாவுடையது. சொந்தம் ஒன்றும் கிடையாது, கூப்பிடுகிற முறைதான். புருஷன் பல்லாவரத்துக் கல்குவாரியில் உடம்பைக் கெடுத்துக்கொண்டு படுத்துவிட்ட பிறகு, கீரை பயிர் செய்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே உட்கார்ந்து விற்று வந்தவர். மண்சுவர் வீடு, பனையோலைக் கூரை. என் அப்பா ரயில்வேயில் கலாசி. சுவர் வைப்பதற்காக ஒரே ஒரு நாள் லீவு எடுத்திருந்தார்.

"இன்னா பாப்பா, வந்துச்சா?" என்றார் அப்பா.

"இன்னும் வரல்லப்பா."

அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். "ரெண்டாங் கொடம் ஊத்திட்டேன். பூமி பேய் மாரி குடிச்சிகினு கீது."

மூன்றாவது ஊற்றினார். வரவில்லை. சித்திரையில் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும், கயிற்றை முழுசாக விட்டு இறைக்கவேண்டும், அவருக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. நான்காவதும் ஊற்றினார். செங்கல் குவியல்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி, "மாமா, அது தூங்கிகினு கீது. குறட்டை வுடுது பாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். "சாந்து இறுகிடும், எனுக்கு வேற வேல இல்லியா" என்று கொத்தனார் முனகினார். அப்பா குனிந்து, "நல்லா பாருடி. கண்ணு கீதா, இன்னா?" என்றார்.

எனக்குக் கண் நன்றாகவே இருந்தது. தூம்புக்கு அடியில் கொத்தனார் ஒரு பட்டைக்கல் வைத்து அதன்மேல் தூம்பை விட்டிருந்தார். அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வந்து முட்டி, நிறம் மாறி நின்றது. கல்மேல் ஏறவில்லை. என் நாலு விரலைச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு உயரம் ஏறவேண்டியிருந்தது. அதைச் சொல்லியிருந்தால் கல்லை உருவி எடுத்து மறுபடி வைத்திருப்பார்கள். அரை நாள் வேலை. அப்பாவின் லீவு போயிருக்கும், கொத்தனார் திட்டியிருப்பார், அந்தப் பெண் இன்னொரு முறை சிரித்திருப்பாள். அவ்வளவுதான்.

"வந்துடுச்சு" என்றேன்.

அம்மா எல்லாருக்கும் பானகம் கொடுத்தாள். அஞ்சலை பெரியம்மா எங்கள் பக்கம் வந்து, ஈரக்கையால் என் கன்னத்து மண்ணைத் துடைத்துவிட்டு, "எங் கண்ணு, எவ்ளோ நேரம் படுத்துகினு கெடந்துச்சு" என்று சொல்லி, தன் பங்கு பானகத்தில் பாதியை எனக்கு ஊற்றினார். நான் குடித்தேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மழையில் தூம்பு வழியே எங்கள் பக்கம் தண்ணீர் கொட்டத்தான் கொட்டியது, அதைப் பார்த்து அப்பாவுக்குத் திருப்தி. மழை விட்டதும் எங்கள் தோட்டம் வடிந்துவிடும். நான் மட்டும் போய்க் குனிந்து பார்ப்பேன். அந்தப் பக்கம் நாலு விரல் தண்ணீர் அசையாமல் நிற்கும், கீரைப்பாத்தி அழுகி நாற்றம் வரும், அதற்கப்பால் பெரியம்மா வீட்டு மண்சுவரின் அடி கறுத்துக்கொண்டே மேலே ஏறும். அவர் ஒரு தகரத் தட்டால் தண்ணீரை அள்ளி அள்ளி ரோட்டுப் பக்கம் வீசிக்கொண்டிருப்பார்.

"மேல் வூட்ல தண்ணி நிக்குதே, தூம்புல எதனா அடச்சிகினு கீதா?" என்று அம்மா கேட்டாள்.

"குடம் ஊத்திப் பாத்தாச்சு இல்ல. இந்த வருசம் மழ ஜாஸ்தி" என்றார் அப்பா.

நான் அங்கேதான் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் அப்படி நின்றது எட்டு நாள் இருக்கும். எட்டு நாளும் வாயைத் திறக்கலாம் என்று காலையில் நினைப்பேன், சாயந்திரம் மறப்பேன். மறப்பேன் என்று எழுதுவதும் சரியில்லை. எனக்கு மறக்கவே இல்லை.

ஒரு மத்தியானம், பெரியம்மா கீரைக்கூடையோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்த நேரம், அவர் வீட்டுக் கீழண்டைச் சுவர் சத்தம்கூடப் பெரிதாக இல்லாமல், களி சரிவதுபோல் அடியிலிருந்து சரிந்து உட்கார்ந்தது. கூரை ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே படுத்திருந்த அவர் புருஷனை அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இடுப்பில் சுவர் விழுந்ததால், அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்காவது நடந்துகொண்டிருந்த மனிதர் அதற்கப்புறம் எழுந்து நிற்கவே இல்லை.

பெரியம்மா வந்து சேர்ந்தபோது அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எஞ் செவுரு வச்சதுலதான் இப்டி ஆயிப்போச்சாக்கா?" என்று கேட்டார். அதற்கு அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"உம்மேல இன்னாப்பா தப்பு? நீ மொறயா தூம்பு வுட்ட, நான் எங் கையால தண்ணி ஊத்துனேன், உம் பொண்ணு கண்ணால பாத்துச் சொல்லிச்சு. எம் வூட்டு மண்ணு அவ்ளோதான்."

கூட்டத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை வேறு ஆட்டினார், நான் சாட்சி என்பதுபோல. பத்து நாளில் புருஷனை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வண்டலூர்ப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு தரம் திரும்பி வந்து மனையை யாருக்கோ கைமாற்றிக் கொடுத்தார் என்று கேள்வி, நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். பிறகு பார்க்கவே இல்லை. அடுத்த கோடையில், வீட்டில் யாரும் இல்லாதபோது, துருப்பிடித்த கடப்பாரைத் துண்டால் இரண்டு நாள் நோண்டி அந்தப் பட்டைக்கல்லைப் பெயர்த்து எடுத்தேன். அதற்கப்புறம் தூம்பு தரையோடு தரையாகத்தான் இருந்தது. யாருக்கு அது?

ஒரே பிள்ளை என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் நான் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஏரி பாதியாயிற்று. தாங்கல் இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடங்கள், தெருவின் பெயர்ப் பலகையில் மட்டும் தாங்கல் இருக்கிறது. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே வருகிற தெருக்களுக்கு மேலே மேலே தார் போட்டுப் பழைய வீடுகளெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டன. மனை முழுக்க சிமெண்டு, கிழக்கே மறைத்த சுவர், உள்ளே ஏசி. குடம் ஊற்றுவது என்றால் என்னவென்று கேட்கிறார்கள். என் வீட்டுப் பின்சுவரில் மட்டும் தூம்பு இன்னும் இருக்கிறது, ஒவ்வொரு முறை சுவரைப் புதுப்பித்தபோதும் வீட்டில் யாருக்கும் தெரியாமல் கொத்தனாரிடம் தனியாகச் சொல்லி அதை விட வைத்திருக்கிறேன்.

இப்போது மேல்வீட்டில் இருப்பது கிரேஸ் என்கிற டீச்சர். கைக்குழந்தையும் மாமியாரும் உண்டு. அவர்கள் துணி துவைக்கிற தண்ணீர் சோப்பு நுரையோடு தூம்பு வழியாக எங்கள் பக்கம் வருகிறது என்று என் மருமகளுக்கு வருத்தம், அதில் நியாயமும் இருக்கிறது. என் மகன் சிறுசேரியில் கம்பெனி வேலையில் இருக்கிறான். பின்சுவரை இடித்து, ஓட்டையே இல்லாமல் புதிதாகக் கட்ட ஏற்பாடு செய்துவிட்டான். கல் வந்து இறங்கியிருக்கிறது. திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள்.

பத்து நாளைக்கு முன் கிரேஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், வாஷிங் மெஷின் தண்ணிய நான் வேற பக்கம் திருப்பிடறேன். அந்த வழிய மட்டும் மூடாதீங்க. மழைக்கு எங்களுக்கு அது ஒண்ணுதான். இல்லன்னா ஹாலுக்குள்ள வந்துடும்."

"தண்ணி போக ரோட்ல டிரெயின் இருக்கு மேடம்" என்றான் மகன்.

"ரோடு எங்க வீட்ட விட மேல இருக்கு சார். தண்ணி ஏறிப் போகுமா?" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. அது பழைய தண்ணி வழிதானே?"

மகனும் திரும்பினான். "சொல்லும்மா. நீதான் இங்கயே பொறந்து வளந்தவ. இங்க வழி ஏதாவது இருந்துச்சா?"

இருந்தது என்று சொன்னால் எதற்காக அதை இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். மருமகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். நாலு பிள்ளைகளை நேர்மை நேர்மை என்று சொல்லி வளர்த்தவள் நான்.

"அப்படி ஒண்ணும் இல்லப்பா. எலி பறிச்ச ஓட்டை" என்றேன்.

"எங்க அம்மா பொய் சொல்ல மாட்டாங்க மேடம்" என்றான் மகன். கிரேஸ் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "பரவால்ல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு என்மேல் கோபம்கூட இல்லை.

அடுத்த நாள் எழுத உட்கார்ந்தேன். எட்டு வயதில் சொன்னதற்குப் பயம் என்று ஒரு காரணம் இருந்தது. எழுபத்தேழு வயதில் சொன்னதற்குக் கௌரவத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. மலர் போடுகிறவர்கள் இதைப் போட்டாலும் சரி, விட்டாலும் சரி, முதலில் என் பேத்தி கையில்தான் கொடுக்கப்போகிறேன். அது எலி பறித்த ஓட்டை அல்ல. மழைக்காக என் அப்பா விட்ட வழி. அதைத் தப்பாக வைத்ததும் தெரியும், மறைத்தது நான் என்பதும் தெரியும், அதனால் ஒரு குடும்பம் இந்தத் தெருவை விட்டுப் போனதும் தெரியும்.

இன்று சனிக்கிழமை, உன் அப்பா ஹாலில்தான் இருக்கிறான், நிவேதா. போய் கிரேஸைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து உட்கார வை. உன் அம்மாவும் இருக்கட்டும். பிறகு இதை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி, பாட்டிக்குச் சங்கடமாக இருக்குமே என்று நடுவில் எதையும் தாண்டிப் போகாதே. என் கையெழுத்து புரியாத இடத்தில் நிறுத்தி என்னைக் கேள், நான் எழுந்து உள்ளே போகமாட்டேன்.