ஒன்பது ஜோடி செருப்பு

ஹாஸ்டலில் இருக்கும் சங்கீதாவின் போன் வந்தபோது நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். ஒரகடம் மேம்பாலத்துக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றுகொண்டிருந்தது. "அக்கா, நம்ம இசக்கி இறந்துட்டாக்கா. காலையில ஆஸ்பத்திரியில" என்றாள். டெங்கு. இருபத்தேழு வயது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவள் மேல், என் மேல், நகராத அந்த பஸ் மேல். அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை. எனவே அவளை அறிந்த நீங்கள் இதில் பண்பான இரங்கல் உரை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் அசெம்பிளி லைனில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்து இசக்கியம்மாள். சர்க்யூட் போர்டுகளில் ஸ்க்ரூ போடும் மூன்றாவது இடத்தில் நின்றவள். நான் அதே லைனின் கடைசியில் குவாலிட்டி பார்ப்பவள். வடக்குப்பட்டிலிருந்து வருகிற உள்ளூர்க்காரி. அவள் செய்த போர்டை நான் திருப்பி அனுப்பினால் மற்றவர்களைப் போல முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எத வச்சுக்கா கண்டுபிடிச்சிய?" என்று கேட்பாள். அப்படித்தான் பழக்கமானோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஹாஸ்டலுக்குக் கூப்பிட்டு, பையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கேம் பெட்டியை எடுத்தாள். இரண்டு கையால் பிடித்து விளையாடுவது, நாலு பேட்டரியில் ஓடுவது. அவளைவிடப் பழையதாக இருந்தது அதன் மூஞ்சி. "இதுல நானே ஒரு கேம் செஞ்சிருக்கேன். பேய்க் கேம். நீங்கதான் செக் பண்ணித் தரணும்" என்றாள். ஏன்டி, போனில் ஆயிரம் கேம் இருக்கும்போது இந்த ஓட்டைப் பெட்டிக்கு ஏன் செய்கிறாய் என்று கேட்டேன். அதன் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. ஜன்னலோரம் வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் ஏதாவது தெரியும். அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது. "பயம் வெயில்லதான் இருக்குக்கா. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு மத்தியானம் தூங்கிப் பாருங்க, தெரியும்" என்றாள்.

அந்த விளையாட்டில் பேய் எங்கேயும் வராது. ஒரு ஹாஸ்டல் அறை, ஜன்னலில் ஒட்டிய செய்தித்தாள், எட்டுக் கட்டில், எட்டுப் பெண்கள். எல்லாமே பாசி நிறத்தில், நாலே நாலு சாயலில். வாசலில் செருப்புகள். அவளுடைய ஹாஸ்டலில் நிஜமாகவே நடப்பதைத்தான் அவள் எடுத்துப் போட்டிருந்தாள். ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்பதால் வார்டன் அம்மா கதவைத் தட்டுவதில்லை. வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி ஆஜர் போட்டுவிட்டுப் போய்விடுவார். விளையாட்டிலும் வார்டன் வந்து எத்தனை பேர் என்று கேட்பார். உள்ளே இருப்பது எட்டுப் பேர். வெளியே கிடப்பது ஒன்பது ஜோடி. ஒன்பது என்று சொன்னால், யார் அந்த ஒன்பதாவது ஆள் என்று போர்வை போர்வையாக விலக்கித் தேட வேண்டும். எட்டு என்று சொன்னால், அடுத்த நாள் ஒரு கட்டில் காலியாக இருக்கும். செருப்பு மட்டும் அதே ஒன்பது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பெனியில் போடுவது போலவே ஒரு செக் ஷீட் போட்டேன். வரிசை எண், குறை, திருத்தம், பார்த்தவர் கையெழுத்து, செய்தவர் கையெழுத்து. பதினாலு குறை எழுதினேன். குழாயை மூடிய பிறகும் சொட்டுகிறது. காலண்டரில் தேதி மாறவில்லை. ஏழு போர்வை மூச்சுக்கு அசைகிறது, மூன்றாம் கட்டில் போர்வை மட்டும் அசையவில்லை. செருப்பு ஒரு ஜோடி அதிகம். படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாவி. "என்னக்கா இப்படி எழுதியிருக்கிய? இந்தப் பதினாலுல பத்து பேயிக்கா. நாலுதான் தப்பு!"

அந்த நாலையும் ஒரே வாரத்தில் சரி செய்தாள். எழுத்து ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள் அடங்க வேண்டுமாம். "இந்த ‘ஞ’ உள்ள உக்கார மாட்டேங்குதுக்கா" என்று மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினாள். நான் அவளை மதித்தது அங்கேதான். லைனில் ஸ்க்ரூ சாய்ந்தாலும் சரி, திரையில் ஒரு புள்ளி தள்ளினாலும் சரி, விடவே மாட்டாள். வேலை செய்வதில் இவ்வளவு கறாராக இருந்தவள் தன் உடம்பு விஷயத்தில் மட்டும் ஏன் அப்படி அலட்சியமாக இருந்தாள் என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மீதிப் பத்தில் ஒன்பதை நானே இறங்கி வந்து ஷீட்டில் கோடு போட்டு அடித்துவிட்டேன். அந்தச் செருப்பை மட்டும் விடவில்லை. உலகத்தில் எங்கெங்கோ இப்படிப் பழைய பெட்டிகளுக்குக் கேம் செய்கிறவர்கள் இருக்கிறார்களாம். அவர்கள் பார்க்கும்படி இன்டர்நெட்டில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் என் கையெழுத்து விழாமல் ஏற்ற மாட்டேன் என்று அவளாகவே ஒரு விதி வைத்துக்கொண்டாள். கடைசியாக அவளைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை அதற்காகத்தான் என் வீட்டுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. "காய்ச்சலா?" என்று கேட்டேன். "லேசாத்தான். கையெழுத்துப் போடுங்கக்கா, ஏத்திவிட்டுருதேன்" என்றாள்.

"இன்னாடி நீ, ஆளு எட்டு, செருப்பு ஒன்பதுன்னா எவ ஒத்துக்குவா? ஏன் அதிகம்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே. சரி பண்ணிக்கினு வா, போடறேன்" என்றேன்.

"பேயக் காட்டினா சிரிச்சிருவாவக்கா. செருப்பக் காட்டினா எண்ணிப் பாப்பாவ. எண்ணிக்கை இருக்கும், ஆளு இருக்காது. அதவிட என்னக்கா பயம் வேணும்?"

எனக்குப் புரியாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு குறையைத் திறந்து வைத்துக்கொண்டு நான் கையெழுத்துப் போட்டதில்லை என்கிற திமிர். "முடியாது போ" என்றேன். கேம் பெட்டியையும் ஷீட்டையும் மேசையிலேயே வைத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனாள்.

திங்களும் செவ்வாயும் புதனும் அவள் லைனுக்கு வரவில்லை. கோபித்துக்கொண்டு லீவு போட்டிருக்கிறாள், இருக்கட்டும், எத்தனை நாளைக்கு என்று பார்க்கிறேன் என்று நானும் வீம்பாக இருந்தேன். ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. சனிக்கிழமை அந்த போன் வரும்வரை எனக்கு எதுவும் தெரியாது. அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் கிடந்திருக்கிறாள். அறையில் ஆளுக்கொரு ஷிஃப்ட். வருகிறவளும் போகிறவளும், ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறாள் என்றே நினைத்திருக்கிறார்கள். புதன் சாயங்காலம் அதே அறையிலிருந்த சங்கீதா தற்செயலாகத் தொட்டுப் பார்த்துப் பதறி, இன்னொரு பெண்ணோடு சேர்ந்து அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறாள். வெறுங்காலோடு.

அடக்கத்துக்குப் பிறகு அவள் பையை எடுத்துப்போக அண்ணன் ஊரிலிருந்து வந்தார். நானும் கூடப் போனேன். வார்டன் அம்மாவின் ஆஜர் நோட்டு மேசையில் விரித்துக் கிடந்தது. இசக்கியம்மாளுக்கு வியாழன் டிக். வெள்ளி டிக். உயிர் போன சனிக்கிழமையும் டிக். என்னம்மா இது என்று கத்திவிட்டேன். "நான் இன்னாம்மா பண்றது? எட்டு ஜோடி கீது, எட்டுப் பேருன்னு போட்டேன்" என்றார். அவரைச் சொல்லி என்ன? நான் வாசலுக்குப் போய் எண்ணினேன். அறையில் ஏழு பேர். வெளியே எட்டு ஜோடி. கடைசியில் கிடந்தது அவளுடைய நீல ரப்பர் செருப்பு. இடது கால் வாரில் ஊக்கு குத்தியிருந்தாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அவள் கேம் செய்த லேப்டாப்பை அண்ணன் எடுத்துப் போய்விட்டார். அதைத் திறக்கும் பாஸ்வேர்டு அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் விளையாட்டு முழுதாக என்னிடம் இருக்கும் பெட்டியில் செருகிய கேசட்டில் இருக்கிறது. அதிலிருந்து எடுத்து இன்டர்நெட்டில் ஏற்றத் தெரிந்தவர்கள் உங்களில் இருந்தால் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். அவள் பெயரில் ஏற்ற வேண்டும். ஒரு புள்ளியும் மாற்றக் கூடாது.

அவளுடையதாக என்னிடம் இருப்பது அந்தப் பெட்டியும் இந்த ஷீட்டும்தான். செருப்பு ஒரு ஜோடி அதிகம் என்று நான் எழுதிய வரிக்கு எதிரே, ‘குறை அல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்தில், செய்தவர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலி.