ஜாரி பூங்காவில் ஒரு பர்கண்டி, நாற்பது டாலருக்குள்

என்னைப் பார்க்க வந்திருந்த அப்பா சேலம் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூலை மாதத்தின் ஒரு சனிக்கிழமை, இந்தச் சிறு பயணம். நான் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜிலிருந்து வில்லரே வரை. மொன்றியலுக்குள்ளேயேதான். இருந்தாலும் பயணம் என்றே சொல்வேன்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா குடிப்பார். சனிக்கிழமை மட்டும், அளவாக, சேலம் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். பிறகு ஏலக்காய் மென்றுகொண்டு கீழே வருவார். நான் டிவி பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா தோசை ஊற்றுவார். எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை. ஒரே ஒருமுறை அவரோடு ஒரே மேசையில், பகல் வெளிச்சத்தில், ஒரு கிளாஸ் குடிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. சம்மதிப்பாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஏன் பர்கண்டி? பிரான்சின் கிழக்குப் பகுதியில், பினோ நுவார் என்ற மெல்லிய தோல் திராட்சையில் செய்யும் சிவப்பு வைன். வெளிறிய நிறம். துவர்ப்பு குறைவு. பிராந்தி மட்டுமே தெரிந்த ஒருவரை மிரட்டாது. சிக்கல் விலையில். பெயர் பெற்ற கிராமங்களின் பாட்டில் தொண்ணூறு டாலரைத் தாண்டும். ஆராய்ச்சி மாணவியின் உச்சவரம்பு நாற்பது.

காலை பத்தரைக்கு மெட்ரோ. நீலப் பாதையில் ஏறினால் வண்டி மாற வேண்டாம், கால் மணி நேரத்தில் ழான்-தலோன். ஒற்றைச் சீட்டு 3.75. "மார்க்கெட் போறோம்பா" என்று மட்டும் சொல்லியிருந்தேன். பொய் இல்லை. சந்தையில் அவர் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார். விலையை ரூபாயில் பெருக்கினார். முகம் மாறியது. ஆனாலும் வாங்கினார்.

வழியில் ஒரு தெப்பனர், அதாவது மூலைக்கடை. பால், லாட்டரி, பீர், மலிவு வைன் எல்லாம் உண்டு. பர்கண்டி இல்லை. அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். நான் வீணாக்கினேன். இந்த மாகாணத்தில் நல்ல வைன் வேண்டுமென்றால் அரசாங்கக் கடைக்குத்தான் போக வேண்டும். நம் ஊர் மாதிரியே.

அதன் வாசலில் அப்பா நின்றுவிட்டார்.

"இது என்ன கடை?"

"கவர்மென்ட் கடைப்பா."

"எந்த கவர்மென்ட் கடை?"

கண்ணாடி வழியே பாட்டில்கள் தெரிந்தன. நான் கதவைத் தள்ளினேன்.

"நீ உள்ள போறியா? சரி, நான் இங்க நிக்கறேன். யாராவது தமிழாளுங்க பாத்தா…"

என்னைத் தெரியாதவர் போல இரண்டடி தள்ளிப் போனார்.

உள்ளே நான் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோத்தோ பூர்கிஞ்யோன் என்று போட்டிருப்பது இருபத்திரண்டு டாலர். கமே என்ற வேறு திராட்சையும் கலந்தது, எளிமையானது, வாரநாள் சாப்பாட்டுக்குப் போதும். வெறும் பூர்கோஞ், அதாவது பிரெஞ்சில் பர்கண்டி, என்றிருந்தால் முப்பதையொட்டி. அதில் தயாரிப்பாளரைப் பார்த்து வாங்க வேண்டும். நம்முடைய இடம் பெயர் பெற்ற கிராமங்களுக்குத் தெற்கே, ஷலோன் பக்கத்து மலைச்சரிவு. மெர்க்யூரே, ஜிவ்ரி. புகழ் குறைந்த கிராமங்கள், அதே திராட்சை. ஒரு ஜிவ்ரி 37.50. கையில் எடுத்தேன்.

பின்னால் வெண்டைக்காய்ப் பையின் சரசரப்பு. வெளியே வெயில். உள்ளே ஏசி.

"கம்பி வலை இல்ல" என்றார் தாழ்ந்த குரலில். "துணிக்கடை மாதிரி இருக்கு." பிறகு பாட்டிலைப் பார்த்து, "யாருக்கு?"

"நமக்குத்தான்பா. மத்தியானச் சாப்பாட்டோட."

அலமாரியை வெகுநேரம் படித்தார். முழுவதும் பிரெஞ்சு. அவருக்கு ஒரு வார்த்தையும் புரியாது.

"பில் வாங்கிக்க."

வேண்டாம் என்று சொல்லவில்லை.

அங்கிருந்து ஜாரி பூங்கா இருபது நிமிட நடை. வில்லரேயின் வெளிப்புறப் படிக்கட்டுகள், நிழல். மொன்றியல் பூங்காக்களில் சாப்பாட்டோடு வைன் குடிக்கலாம், பிக்னிக் மேசை போட்டிருக்கும் இடத்தில். சாப்பாடு கட்டாயம். எலுமிச்சை சாதமும் கோழி வறுவலும் கொண்டுபோயிருந்தேன். மிளகாய் பாதிதான். காரம் இந்த வைனைக் கொன்றுவிடும். உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைப் பாட்டிலைச் சுற்றி வைத்திருந்தேன். வெயில் நாளில் சிவப்பையும் லேசாகக் குளிர்விக்க வேண்டும். அப்பா நடைபாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

எல்லாம் இருந்தது. ஓப்பனர் இல்லை. இதுவரை நான் வாங்கியதெல்லாம் திருகுமூடி பாட்டில்கள். இதில் கார்க்.

"சரி விடு. வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றார். குரலில் நிம்மதி. வீட்டுக்குப் போனால் அவ்வளவுதான். எனக்குத் தெரியும்.

அடுத்த மேசையில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். குழந்தைகள் பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன்.

"எங்க போற?"

"ஓப்பனர் கேக்க."

"பொம்பளப் புள்ள போய் அதக் கேப்பியா? உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார். அடுத்த மேசையைப் பார்த்தார். பிறகு பாட்டிலைத் துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவரே எழுந்து போனார்.

"தம்பி, இதத் திறக்க ஏதாவது…"

"ஓம் அண்ணை, இருக்கு, தாங்கோ." அந்த மனிதர் சாவிக்கொத்தை எடுத்தார். அதில் ஒரு ஓப்பனர் தொங்கியது.

அவர் மனைவி சிரித்தார். "பர்ஸை விட்டிட்டு வந்தாலும் உந்த ஓப்பனரை விட்டிட்டு வரமாட்டார்."

"போலீஸ் வந்தா?"

"பயப்பிடாதேங்கோ அண்ணை. சாப்பாடு இருக்குத்தானே. ஒண்டும் சொல்லமாட்டான். அங்க இருக்கிறது மகளோ?"

"ஆமா, என் பொண்ணு" என்றார் அப்பா. கொஞ்சம் உரக்க. "அவளோடதான் சாப்பிடறேன்."

திரும்பி வந்து அவரே ஊற்றினார். துண்டை மடித்து வைத்தார்.

"தண்ணி கலக்க வேண்டாமா?"

"வேண்டாம்பா."

ஒரு வாய். "புளிக்குது." வறுவல் ஒரு துண்டு. "காரமே இல்ல." இன்னொரு வாய். "ம்." மூன்றாவது வாய். மரங்களைப் பார்த்தார். நானும்.

"மாடி விஷயம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"எப்ப இருந்து?"

"ஆறாவது படிக்கறப்ப."

நெடுநேரம் சிரித்தார். "அவ்வளவு ஏலக்காயும் வீண்."

பயனுள்ளதைச் சொல்லி முடிக்கிறேன். கிளம்பும் முன் எந்தக் கிளையில் என்ன இருப்பு என்று கடையின் இணையதளத்தில் பாருங்கள். வாய் அகன்ற கிளாஸ் இரண்டு கொண்டுபோங்கள், வாசனைதான் பாதி. ஓப்பனர் கொண்டுபோங்கள், அல்லது வேண்டாம். திரும்ப காஸ்தெல்நோ மெட்ரோ அருகில்தான். பாட்டிலை முழுதாக முடிக்கத் தேவையில்லை. மிச்சத்தை கார்க்கால் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் நன்றாக இருக்கும். இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரவு அம்மாவின் ஃபோன். அப்பா பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார் என்றார். பிறகு, "பார்க்குல உக்காந்து வைன் குடிச்சீங்களாமே."

"யாரு சொன்னா?"

"அவர்தான். பெட்டியக்கூட இன்னும் பிரிக்கல. அதுக்குள்ள அவரா உக்காந்து சொல்றாரு. எந்த ஊரு திராட்சைன்னு கேட்டேன், பேரு வாயில வரமாட்டேங்குது அவருக்கு. நீ சொல்லு, எந்த ஊருடி அது?"